கொடைக்கானல் மலையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை: புறப்படுவதற்கு முன்னும் வழியிலும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை, வடகவுஞ்சிப் பிரிவு, சவரிக்காடு வழியாகப் பழனி அடிவாரம் வரை சாலை வழியே ஏறத்தாழ 64 கி.மீ. தைப்பூசத்துக்கு மாலை போட்டு, இந்தச் சாலையில் முதன்முறையாக நடந்து இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் இறக்கத்தைப் பற்றிச் சொல்வது எங்கள் மலைக்காரர்களுக்கானது.

எங்கள் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து புதியவர்கள் சேர்கிறார்கள். தினமும் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவர்கள் என்பதால், தங்களுக்கு நடைப் பயிற்சி வேண்டியதில்லை என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் அவர்களில் பாதிப் பேர் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். தோட்ட வழி மண் வழி, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், காற்று குளிர்ந்திருக்கும். யாத்திரையிலோ தார்ச்சாலை, நிற்காத இறக்கம், கடைசியில் பழனியின் வெயில் என்று மூன்றும் புதிது. ஏற்பாட்டில் பாதம் முதலில் வர வேண்டும், பை கடைசியில் வர வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

1. நாளையும் வழியையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தைப்பூசம் தை மாதத்தில், அதாவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணி, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் இருப்பவர்களுக்கு மாலை போடும் நாளும் ஏறக்குறைய அதையொட்டியே வரும் என்பதால், விரதத்தோடு பயிற்சியையும் தொடங்கிவிடலாம்.

திருவிழா பத்து நாள் நடக்கும், தைப்பூசத்தன்று தேரோட்டம். அன்று காலையிலேயே போய்ச் சேர வேண்டும் என்று கட்டாயம் வைத்துக்கொண்டால், வழியில் ஒருவருக்குக் கால் பிசகினாலும் நிற்க முடியாது. ஒரு நாள் முன்னதாகச் சேரும்படி திட்டமிட்டால் அந்த ஒரு நாள் கையிருப்பாக நிற்கும். நெரிசலைத் தாங்க முடியாதவர்கள் தேருக்கு மூன்று நான்கு நாள் முன்பே போய் வரலாம்.

64 கி.மீ. தூரத்தை மூன்று நாளாகப் பிரிப்பதே புதியவர்களுக்கு ஏற்றது. எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கணக்குப் போட்டு, பிறகு தங்குமிடம் தேடக் கூடாது. படுக்க எங்கே இடம் கிடைக்கும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு அதற்கேற்பத் தூரத்தைப் பிரிக்க வேண்டும். இந்தச் சாலையில், திண்டுக்கல் சாலையைப் போல மைலுக்கு மைல் அன்னதானப் பந்தலும் தங்கும் கொட்டகையும் கிடையாது. ஊர்க் கோயில் மண்டபமோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ, எதுவானாலும் ஒரு மாதம் முன்பே நேரில் போய்க் கேட்டு வைத்துவிட வேண்டும்.

சவரிக்காட்டுக்குக் கீழே அடிவாரம் வரையுள்ள காட்டுப் பகுதியை முழு வெளிச்சத்தில் கடக்கும்படி மூன்று நாளையும் அமையுங்கள். மேலே காட்டுமாடும் கீழே யானையும் சாலையைக் கடக்கும் பகுதி இது. சமவெளியில் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள் என்பதற்காக மலைச்சாலையிலும் அப்படி நடப்பது பெரும் பிழை.

தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பக்கத்துக்காரர்கள் வடகாடு வழியாக ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கி, அங்கிருந்து 30 கி.மீ. போலப் பழனிக்கு நடக்கலாம். இந்த வழியில் சமவெளிப் பகுதி நீளம். ஆனால் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கூட்டமும் பந்தலும் துணைக்கு வந்துவிடும்.

2. பயிற்சிக்கு முன் மருத்துவர்

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் பார்த்தால், வேண்டாம் என்று அவர் சொன்னாலும் மனம் கேட்காது.

சர்க்கரை உள்ளவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதுதான். மரத்துப்போன பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. ஒரு நாள் முழுக்க அந்தப் புண்ணோடு நடந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அதோடு, மாத்திரையையோ ஊசியையோ வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது சட்டைப் பையில் கல்கண்டோ குளுக்கோஸ் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். வண்டியில் இருக்கும் பையில் வைத்தால் அது இருந்தும் பயனில்லை.

தடுப்பூசியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. வெறுங்கால்காரர்களுக்கு இது கட்டாயம்.

3. காலில் எது: ஷூவா, செருப்பா, வெறுங்காலா

இதை எட்டு வாரம் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் பயிற்சி முழுவதையும் அதே காலணியோடு செய்ய வேண்டியிருக்கும்.

ஷூ வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நெடுந்தூரம் நடந்தால் அதைவிடவும் வீங்கும். அதனால் வழக்கமான அளவைவிட அரை அல்லது ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டும். காலுறையோடு போட்டு நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். சமவெளியில் நடப்பதற்கு இது வசதிக்காக. எங்களுக்கோ நகத்தைக் காப்பதற்காக. இறக்கத்தில் பாதம் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் சறுக்கிப் போய் விரல் நுனி ஷூவில் மோதும், 64 கி.மீ. தூரத்தில் அது எத்தனை ஆயிரம் முறை என்று எண்ணிப் பாருங்கள். என் முதல் யாத்திரையில் அளவாகப் பொருந்திய புது ஷூவைப் போட்டுக்கொண்டு, நல்ல ஷூ வாங்கிவிட்டோம் என்ற பெருமையோடு இறங்கினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துச் சித்திரையில் உதிர்ந்தன.

இடமிருந்தால் மட்டும் போதாது. இறக்கம் தொடங்கும் முன் குதிகாலை ஷூவின் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, கணுக்காலுக்கு அருகில் கயிற்றை இறுக்கியும் விரல் பக்கம் தளர்த்தியும் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது.

ரப்பர் ஹவாய்ச் செருப்பில் இறங்க வேண்டாம். அது நழுவாமல் இருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும். பத்துக் கிலோமீட்டருக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பின்வார் உள்ள செருப்பு நல்லது. ஓய்வு நேரத்தில் மாற்றிப் போட அதையே இரண்டாவது சோடியாக வைத்துக்கொள்ளலாம்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் பாதத்தைப் பழக்குவதற்கு எட்டு வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மண்ணில் கால் மணி நேரம். பிறகு சரளை கலந்த வழி. நான்காம் வாரத்துக்குப் பிறகே தார்ச்சாலை. அவசரப்பட்டு முதல் நாளே தாரில் நடந்தால் தோல் தடிப்பதற்கு முன் கொப்பளித்துவிடும். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால், இரவில் வெந்நீரில் ஊறவைத்துக் கல்லால் தேய்த்து எண்ணெய் தடவி, புறப்படுவதற்குள் அதை மூடச் செய்ய வேண்டும். வெடித்த குதிகால் வழியாகத்தான் மண்ணும் கிருமியும் உள்ளே போகும். மூன்றாம் நாள் கீழே இறங்கியதும் தார் சூடேறிவிடும் என்பதால், காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு வரை நடக்காதிருப்பது இவர்களுக்கு விதியாக இருக்கட்டும்.

4. எட்டு வாரப் பயிற்சி

வாரத்துக்கு நான்கு நாள் நடந்தால் போதும். மூன்று நாள் ஐந்தாறு கிலோமீட்டர் சாதாரண நடை. ஒரு நாள் நெடு நடை. நெடு நடையை முதல் வாரம் 8 கி.மீ. என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டராகக் கூட்டி, ஆறாம் வாரத்தில் 20 கி.மீ. வரை கொண்டுவாருங்கள். இடையில் ஒரு வாரம் கூட்டாமல் விட்டுவிடுங்கள். தசைநாரும் மூட்டும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும்.

ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் 15 கி.மீ. வீதம் நடந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் 20 கி.மீ. யாரும் நடந்துவிடுவார்கள். மறுநாள் காலை வலியோடு எழுந்து மீண்டும் ஷூவுக்குள் காலை நுழைப்பது எப்படி இருக்கும் என்பதை வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இனி இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் பயிற்சியாக நினைக்கிறார்கள். ஏறிப் போய்விட்டு வண்டியில் திரும்பி வருகிறார்கள். எங்களுக்கு வேண்டியது நேர் எதிர். கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறிப் போய், அங்கிருந்து பெருமாள்மலைக்கு ஏறத்தாழ 12 கி.மீ. நடந்து இறங்குங்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் படியில் உட்கார்ந்து இறங்கும் அளவுக்கு வலிக்கும். முதல் நாள் நன்றாக நடந்தவர் இரண்டாம் நாள் ஏன் முடங்குகிறார் என்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. அதனால் எட்டு வாரத்தில் மூன்று நான்கு முறையாவது இறக்க நடை இருக்க வேண்டும். கடைசி இறக்க நடை புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு முடிந்துவிட வேண்டும். அதற்குள் வலி ஆறிவிடும், பழக்கம் மிச்சமிருக்கும்.

வெயிலுக்கும் பழக வேண்டும். ஜனவரியில் கொடைக்கானலில் விடியற்காலை உறைபனி. பழனியில் மதியம் 30 டிகிரியைத் தொடும். சந்தைக்கோ வேறு வேலைக்கோ வத்தலக்குண்டு, பழனி என்று கீழே போகிறவர்கள் அங்கே மாலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். அப்படிப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு மூன்றாம் நாள் மதிய வெயிலில் நடக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

5. இறங்கும் முறை

இதைப் பயிற்சியின்போதே பழகிக்கொள்ளுங்கள். அடியைக் குட்டையாக வையுங்கள். முழங்காலை நேராக விறைத்து வைக்காமல் சற்றே மடக்கி இறக்குங்கள். விறைத்த காலில் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகும், மடங்கிய காலில் தசை அதை வாங்கிக்கொள்ளும். உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலால் பிரேக் போடுவதுபோல் நடப்பதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஊன்றுகோல் ஒன்று இருந்தால் முழங்காலுக்குப் பெரும் உதவி. சவுக்கோ மூங்கிலோ இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் வெட்டி, நுனியில் பழைய டியூப் துண்டைக் கட்டிக்கொண்டால் தாரில் வழுக்காது.

கூட்டமாக இறங்கும்போது ஆட்டம் பாட்டத்தில் ஓடி இறங்குவார்கள். முதல் நாள் ஓடியவர்களை மூன்றாம் நாள் நான் கூட்டத்தின் முன்னால் பார்த்ததே இல்லை.

6. குழு, வண்டி, சாலை ஒழுங்கு

பத்துப் பேருக்கு மேல் இருந்தால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று குருசாமி நியமித்துவிட வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது; ஒதுங்கப் போகிறவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் காத்திருக்க வேண்டும். சாலையின் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது என்பதால், ‘போன் செய்கிறேன்’ என்ற ஏற்பாடு இங்கே செல்லாது. அடுத்து எல்லோரும் கூடும் இடம் எது என்று ஊர்ப்பெயரோடு ஒவ்வோர் ஓய்விலும் சொல்லிவிடுங்கள்.

எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம் ஒற்றை வரிசையில் நடப்பது பொது விதி. மலைச்சாலையில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. வலப்பக்கமாகத் திரும்பும் மூடிய வளைவில் பாறையை ஒட்டி நடந்தால் எதிரே வரும் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. அப்படிப்பட்ட வளைவுக்கு நன்கு முன்பாகவே, இரு பக்கமும் பார்த்து, எல்லோரும் சேர்ந்து எதிர்ப் பக்கம் கடந்து, வளைவு முடிந்ததும் திரும்பி வர வேண்டும். விடியற்காலையிலும் பனிமூட்டத்திலும் நடப்பவர்கள் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். யாத்திரையின் பச்சை வேட்டி காட்டுச் சாலையில் கண்ணுக்கே தெரியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

துணை வண்டி குழுவின் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. பின்னால் வரும் பேருந்துகள் அதை வளைவில் முந்த முயலும், ஆபத்து நடப்பவர்களுக்கே. வண்டி ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய் அகலமான இடத்தில் நிற்கட்டும். வெளியூரிலிருந்து வண்டி வருவதாக இருந்தால், 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவை என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

7. பை

வண்டி இருந்தால் தோளில் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். இறக்கத்தில் முதுகிலுள்ள ஒவ்வொரு கிலோவையும் முழங்கால்தான் தாங்குகிறது.

தோள்பையில் இருக்க வேண்டியவை: ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, ஒட்டும் பிளாஸ்டர்ச் சுருள், சிறு கத்தரி, வாஸ்லின், மாற்றுக் காலுறை ஒரு சோடி, டார்ச், சொந்த மருந்தும் மருந்துச் சீட்டும், வீட்டாரின் தொலைபேசி எண் எழுதிய காகிதம். பெண்கள் நாப்கினையும் இதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சலில் நாள் முன்பின் ஆவது வழக்கம். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வராதீர்கள்.

போர்வை, ஸ்வெட்டர், மாற்று வேட்டி, பூஜைப் பொருட்கள் எல்லாம் வண்டியில் போகட்டும். ஸ்வெட்டரைக் கழற்றி வண்டியில் போடும் இடம் எது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பீர்கள்.

8. கடைசி வாரம்

நடையைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு கால் நகங்களை நேராக, ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டாமல், வெட்டுங்கள். முந்தைய நாள் வெட்டினால் வெட்டிய முனை கூராக இருந்து பக்கத்து விரலைக் கீறும்.

புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கடைசி நாளில் புதுக் காலுறையோடு வந்து நிற்கிறார்.

9. நடக்கும் நாட்கள்

முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். குளிரில் தசை இறுகியிருக்கும். ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் ஓய்வையும் சேர்த்து மணிக்கு மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர் வரும். ஓய்வில் ஷூவையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விட்டு, காலைச் சற்று உயர்த்தி வைத்து உட்காருங்கள். சோம்பலால் இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வருகிறது.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்து மேல்தோலின் அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கின்றன. அதற்கு அரை மணி நேரம் முன்பே அந்த இடம் எரியத் தொடங்கும். நிற்க வேண்டிய நேரம் அதுவே. போன தைப்பூசத்தில் வடகவுஞ்சிப் பிரிவுக்கு முன்னால் ஒரு தம்பி நடை மாறி, பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடப்பதைக் கவனித்தேன். ‘என்னப்பா, எரியுதா?’ என்றேன். ‘லேசாத்தாண்ணே, ஊர்ல போய்ப் பாத்துக்கலாம்’ என்றான். அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார வைத்துக் கழற்றச் சொன்னேன். குதிகாலின் உட்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. தோல் இன்னும் பிரியவில்லை. காலைத் துடைத்து, ஈரம் போகும்வரை காயவிட்டு, சிவந்த இடத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாகப் பிளாஸ்டர் வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து, சுருக்கம் விழாமல் ஒட்டினோம். காலுறையை மாற்றினான். பழனி வரை அந்தப் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. மூலையைக் கூராக விட்டால் காலுறையில் மாட்டி உரிந்து, சுருண்டு, அதுவே புது உராய்வாகிவிடும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சிறியதை உடைக்காதீர்கள். நடக்க முடியாத அளவு பெரிதாக இருந்தால் மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலைக் கிழிக்காமல் மருந்து வைத்து மூடுங்கள். நூல் கோத்து உள்ளே விட்டுவிடும் பழைய வழக்கம் சீழ் பிடிக்க வழிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் தாமாக எதையும் குத்தக் கூடாது.

தொடை உராய்வைப் பற்றி யாரும் வெளியே சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். குளித்த ஈர வேட்டியோடு நடந்தால் இரண்டு மணி நேரத்தில் தொடை இடுக்குப் புண்ணாகும். உள்ளே முழங்கால் வரை வரும் பருத்தி டிராயர் போட்டு, காலையிலும் மதியமும் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். வேட்டி காய்ந்த பிறகே நடை.

காட்டுமாடு சாலையில் நின்றால், நில்லுங்கள். கத்தவோ கல்லெறியவோ வேண்டாம், அது போகும் வழியை மறிக்காமல் இருந்தால் தானே போகும். யானைச் சாணம் புதிதாகக் கிடந்தால் குழுவை ஒன்றுசேர்த்து, வரும் பேருந்தையோ வனத்துறையினரையோ கேட்டுவிட்டு நகருங்கள். நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது குரங்குதான். கையில் துணிப்பை தொங்கினால் பிடுங்கிவிடும். தின்பண்டத்தை முதுகுப் பைக்குள் வையுங்கள்.

10. உணவும் தண்ணீரும்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்க முடியாது. காலையில் இட்லியோ கஞ்சியோ. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கடலைமிட்டாய், பேரீச்சை, மலைவாழைப்பழம். மதியம் அளவான சாதம். மாலையில் நடை முடிந்த பிறகு முழு உணவு. ஒருவேளை விரதம் இருப்பவர்கள் நடக்கும் மூன்று நாளுக்குப் பழம், பால், கஞ்சியாவது சேர்த்துக்கொள்ளும்படி குருசாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்திலேயே இதைத் தீர்த்துக்கொண்டால் வழியில் வாக்குவாதம் வராது.

மேலே குளிரில் தாகம் எடுக்காது என்பதால் தண்ணீர் குடிக்காமல் நடந்து, கீழே வந்ததும் தலைவலியோடு படுப்பவர்கள் உண்டு. இருபது நிமிடத்துக்கு நான்கைந்து மடக்கு என்று பழகுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. அதேபோல் வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. உடலில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரும். மூன்றாம் நாள் ஓ.ஆர்.எஸ். கலந்து குடியுங்கள். பொட்டலம் தீர்ந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து, கலந்துகொள்ளலாம்.

ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். அடிவாரம் வந்ததும் வரிசையாக மோர், பானகம், சுண்டல், பொங்கல் என்று கொடுப்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டு, கோயில் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

11. பாலாறு அணையிலிருந்து மலைப்படி வரை

காடு முடிந்து பாலாறு-பொருந்தலாறு அணைப் பக்கம் வந்ததும் எல்லோருக்கும் கால் வேகம் எடுக்கும். கோயில் மலை கண்ணுக்குத் தெரிவதும் ஒரு காரணம். இன்னும் பல கிலோமீட்டர் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, இங்கே ஒரு நீண்ட ஓய்வு எடுங்கள்.

காலில் திறந்த புண் இருந்தால் சண்முகநதியிலோ குளத்திலோ இறங்காமல் குழாயில் குளியுங்கள். திருஆவினன்குடியில் வணங்கிவிட்டு, கிரிவலம் சுற்றி, மலை ஏறுவது வழக்கமான வரிசை. கிரிவலப் பாதைக்குள் தனியார் வண்டிகளை விடுவதில்லை என்பதால் வண்டி எங்கே நிற்கும், யார் எப்போது அங்கே வருவார் என்பதை ஊருக்குள் நுழையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அடிவாரத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். எல்லோருடைய போனையும் வண்டியில் வைத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம்.

படிகள் ஏறத்தாழ எழுநூறு. மூன்று நாள் இறங்கி வந்த காலுக்கு ஏறுவது வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக இருக்கும், ஏனெனில் தசை வேலை செய்யும் விதம் வேறு. திரும்பி இறங்குவதுதான் கடினம். அதற்கு யானைப் பாதை நல்லது. சரிவாக இருப்பதால் முழங்காலில் ஒவ்வொரு படிக்கும் விழும் அடி அங்கே இல்லை. ஆனால் விழாக் காலத்தில் ஏறவும் இறங்கவும் தனித்தனி வழி வைப்பார்கள். அன்று என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரிசன வரிசையில் பல மணி நேரம் நிற்க நேரும். மருந்தும் தண்ணீரும் கல்கண்டும் உடன் இருக்கட்டும்.

12. திரும்பும்போது

நடந்தவர் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. மூன்று நாள் தூக்கம் குறைந்த கண்ணோடு மலைவளைவுகளில் ஏறுவது நடந்து இறங்கியதைவிட ஆபத்தானது. நடக்காத ஓட்டுநர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது பேருந்தில் திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நகத்துக்குக் கீழே கறுத்திருந்தால் தொடாமல் விடுங்கள், புது நகம் வளர்ந்து அதைத் தள்ளிவிடும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஷூவைக் கழுவி நிழலில் காயவைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து எடுத்து வையுங்கள்; அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அடுத்த மாலைக்கு முன் புதிது வாங்க வேண்டியிருக்கும்.